சுகர் மேப்பிள் தகராறு செய்கிறதா? அறிகுறியை வைத்துக் காரணம் பிடிக்கும் வழி

மார்ச் பிறந்தால் போதும், கனடாவின் ஒன்டாரியோவில் வீட்டுக்குப் பின்னால் மேப்பிள் மரம் வைத்திருக்கும் நம் ஆட்களிடமிருந்து வருஷா வருஷம் ஒரே கேள்விகள்தான். சாறு வரவில்லை, வந்தது நின்றுவிட்டது, காய்ச்சினால் பொங்குகிறது, பாட்டிலுக்கு அடியில் மணல் மாதிரி ஏதோ கிடக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் மொத்தமாக எழுதி வைக்கிறேன். இது சில சுகர் மேப்பிள் மரங்களில் துளை போட்டு, குழாய் செருகி வாளி தொங்கவிட்டு, வரும் சாற்றை வீட்டு முற்றத்தில் அடுப்பு மூட்டிக் காய்ச்சி மேப்பிள் பாகாக (மேப்பிள் சிரப்) ஆக்குகிறவர்களுக்கானது. கியூபெக்கில் ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளாஸ்டிக் குழாயால் இணைத்து, பம்ப் வைத்து உறிஞ்சி, காய்ச்சுவதற்கு முன்பே பெரும்பகுதித் தண்ணீரை வடிகட்டி எடுத்துவிடுகிற தொழில்காரர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம்.

கீழே வரும் கோளாறுகளில் முக்கால்வாசி வெப்பநிலைக் கோளாறுகள். ராத்திரி எத்தனை டிகிரி, சாறு வைத்த இடம் எத்தனை டிகிரி, இறக்கும்போது எத்தனை, பாட்டிலில் ஊற்றும்போது எத்தனை. ஆகவே டிரில்லுக்குக் காசு செலவழிப்பதற்கு முன்னால், பத்தில் ஒரு டிகிரி வரை காட்டும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். இங்கே நான் சொல்லும் டிகிரி எல்லாம் செல்சியஸ்.

துளை போட்டாயிற்று, சொட்டுக்கூட வரவில்லை

மரத்தைத் திட்டுவதற்கு முன் வானிலையைப் பாருங்கள். ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே போக வேண்டும், பகலில் 4, 5 டிகிரிக்கு ஏற வேண்டும். இரண்டும் வேண்டும், ஒன்று இருந்தால் போதாது. காரணம் மேப்பிளின் கட்டைக்குள்ளே இருக்கிறது. பல மரங்களில் கட்டையின் நார்ச் செல்களுக்குள் தண்ணீர் நிறைந்திருக்கும். மேப்பிளில் அங்கே இருப்பது காற்று. ராத்திரி உறையும்போது அந்தக் காற்று சுருங்கி, சுற்றிலும் பனி படிந்து, உள்ளே ஓர் உறிஞ்சல் உண்டாகி வேரிலிருந்து தண்ணீர் மேலே ஏறுகிறது. காலையில் வெயில் பட்டு அந்தப் பனி இளகியதும் காற்று விரிந்து அழுத்துகிறது, அந்த அழுத்தத்தில்தான் நீங்கள் போட்ட துளை வழியாகச் சாறு வெளியே தள்ளப்படுகிறது. நாள் முழுக்க மைனஸ் 10 என்றாலும் வராது, இரவும் பகலும் தொடர்ந்து 8 டிகிரி என்றாலும் வராது. தெற்கு ஒன்டாரியோவில் பிப்ரவரிக் கடைசியில் தொடங்கி ஏப்ரல் நடுவரைக்கும் இந்த ஏற்ற இறக்கம் விட்டு விட்டு நடக்கும்.

வானிலை சரியாக இருந்தும் வரவில்லையென்றால் துளையைச் சந்தேகப்படலாம். டிரில் வெளியே தள்ளிய தூளை விரலில் எடுத்துப் பாருங்கள். வெளிறிய, ஈரமான, கிரீம் நிறச் சுருள் என்றால் உயிருள்ள கட்டை. காப்பிப்பொடி நிறத்தில் உலர்ந்து வந்தால் செத்த கட்டையிலோ பழைய துளையின் மேலேயோ போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம், அங்கிருந்து எதுவும் வராது. துளை 8 மில்லிமீட்டர் அகலம், பட்டைக்கு உள்ளே 4 முதல் 5 சென்டிமீட்டர் ஆழம், சாறு வெளியே வழியும்படி உள்முனை லேசாக மேல்நோக்கி இருக்க வேண்டும். தெற்குப் பக்கம் போட்ட துளை முதலில் ஓடத் தொடங்கும், வடக்குப் பக்கம் நிதானமாகத் தொடங்கும். இரண்டும் ஒரே நாளில் ஓடவில்லை என்று பதற வேண்டாம்.

சாறு வருகிறது, ஆனால் இனிப்பே இல்லை

முதலில், மரத்திலிருந்து வருவது பாகு அல்ல, கிட்டத்தட்ட தண்ணீர். சுகர் மேப்பிள் சாற்றில் சர்க்கரை 2 முதல் 3 சதவீதம்தான், நாக்கில் பட்டும் படாமலும் இருக்கும். அதுவும் தெரியவில்லையென்றால் அது சுகர் மேப்பிள்தானா என்று பாருங்கள். டொராண்டோவின் தெருக்களில் நிற்பதில் ஏராளமானவை நார்வே மேப்பிள், ஐரோப்பாவிலிருந்து நிழலுக்காகக் கொண்டுவந்து நட்டவை. இலை இருக்கும் காலத்தில் கண்டுபிடிப்பது சுலபம். இலைக்காம்பைக் கிள்ளினால் பால் வடிந்தால் நார்வே. பால் இல்லை, இலையில் ஐந்து மடல், மடல்களுக்கு நடுவே உள்ள வளைவு வட்டமாக, ஓரம் ரம்பப்பல் இல்லாமல் வழவழப்பாக இருந்தால் சுகர். ஓரமெல்லாம் பல் பல்லாக இருந்தால் ரெட் மேப்பிள். ஆழமாக வெட்டுப்பட்டு அடிப்பக்கம் வெள்ளியாக மின்னினால் சில்வர் மேப்பிள். குளிர்காலத்தில் மொட்டைத்தான் பார்க்க வேண்டும்: சுகர் மேப்பிளின் மொட்டு பழுப்பு நிறத்தில் ஊசிமுனையாக இருக்கும், நார்வேயின் மொட்டு குண்டாக, பச்சையும் அரக்கும் கலந்து இருக்கும், ரெட் மேப்பிளுடையது சிவப்பாக உருண்டிருக்கும். இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் உரியதும் அல்ல. கனடாவின் புது 20 டாலர் பிளாஸ்டிக் தாள் வந்த புதிதில் அதிலிருப்பது நார்வே மேப்பிள் இலை என்று தாவரவியல்காரர்கள் சொல்ல, இல்லை, பல மேப்பிள்களைக் கலந்து வரைந்த பொது உருவம் என்று பாங்க் ஆஃப் கனடா விளக்கம் சொல்லவேண்டி வந்தது.

மற்ற மேப்பிள்களிலும் சாறு எடுக்கலாம், பாகும் ஆகும், தப்பில்லை. சர்க்கரை குறைவு என்பதால் விறகு அதிகம் போகும், அவ்வளவுதான். கணக்கு எளிது: 86ஐச் சாற்றின் சர்க்கரைச் சதவீதத்தால் வகுத்தால், ஒரு லிட்டர் பாகுக்கு எத்தனை லிட்டர் சாறு வேண்டும் என்று தெரிந்துவிடும். 2 சதவீதம் என்றால் 43 லிட்டர், 3 என்றால் 29க்குக் கொஞ்சம் குறைவு, 1.5 என்றால் 57. கிளை பரப்பி வெயிலில் தனியாக நிற்கும் மரம், நெருக்கமான காட்டுக்குள் நிற்கும் மரத்தைவிட இனிப்பாகத் தரும்.

இன்னொன்று, தெருவோரமாக உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் மரம் பெரும்பாலும் நகராட்சியுடையது. அதில் துளை போடாதீர்கள்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, திடீரென்று நின்றுவிட்டது

நாலைந்து நாள் தொடர்ந்து வெதுவெதுப்பாக இருந்தால் நிற்கும். ராத்திரி மறுபடி உறைந்தால் மறுபடி ஓடும், காத்திருங்கள். குளிர் வந்தும் ஓடவில்லை, துளை போட்டு நாலு முதல் ஆறு வாரம் ஆகிவிட்டது என்றால் துளைக்குள் பாக்டீரியா குடியேறி, மரமும் தன் பங்குக்கு அந்தக் காயத்தை அடைக்கத் தொடங்கிவிட்டது. அந்தத் துளைக்கு அந்த வருஷம் முடிந்தது. அதையே மறுபடி குடைந்து பெரிதாக்குவதும், பக்கத்தில் இன்னொன்று போடுவதும் வேண்டாத வேலை. பழைய காலத்தில் துளைக்குள் ஃபார்மால்டிஹைடு மாத்திரை போட்டு ஓட்டத்தை நீட்டித்தார்கள், கட்டை உள்ளே அழுகியது, இப்போது அது தடை செய்யப்பட்டது. பழைய சாமான் விற்கும் இடத்தில் அப்படி ஒரு டப்பா கிடைத்தால் வாங்காதீர்கள். அதே இடத்தில் ஈயம் வைத்துப் பற்றவைத்த பழைய தகர வாளிகளும் அழகாக இருக்கும், பூச்செடி வைக்க மட்டும் வாங்குங்கள்.

சாறு வாளிக்கு வராமல் பட்டையோடு வழிகிறது

குழாய் செருகிய இடம் பிளந்திருக்கிறது, அல்லது டிரில்லை ஆட்டி ஆட்டிப் போட்டதில் துளை முட்டை வடிவமாகியிருக்கிறது. சுத்தியலால் தட்டும்போது சத்தத்தைக் கவனியுங்கள். முதலில் மந்தமான சத்தம், பிறகு ஓரிரண்டு தட்டில் கெட்டியான 'டக்' என்று மாறும். அங்கே நிறுத்த வேண்டும். அதற்கு மேல் ஓங்கி அடித்தால் கட்டை பிளக்கும். மரம் இறுக உறைந்திருக்கும் நாளில் துளை போட்டாலும் பிளக்கும், பூஜ்யத்துக்கு மேலே இருக்கும் மத்தியானமாகப் பார்த்துப் போடுங்கள்.

காலையில் வாளி முழுக்க பனிக்கட்டி

கொண்டாடுங்கள். உறையும்போது தண்ணீர் முதலில் பனியாகும், சர்க்கரை மிச்சமிருக்கும் திரவத்திலேயே பெரும்பாலும் தங்கிவிடும். மேலே மிதக்கும் கட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு அடியில் இருப்பதைக் காய்ச்சுங்கள், விறகு மிச்சம். வடஅமெரிக்கப் பூர்வகுடிகள் இந்த உத்தியை ஐரோப்பியர் வருவதற்கு முன்பே செய்துவந்தவர்கள். அகலமான, ஆழமில்லாத மரப்பட்டைத் தட்டுகளில் சாற்றை இரவில் வைத்து, காலையில் பனியை எடுத்து வீசினார்கள். அனிஷினாபே மக்கள் பாகாக நிறுத்தாமல் சர்க்கரையாகவே கிண்டி எடுத்ததற்கும் காரணம் உண்டு. உலர்ந்த சர்க்கரை வருஷம் முழுக்கக் கெடாது, மூட்டை கட்டித் தூக்கிப் போகலாம். ஒரேயொரு எச்சரிக்கை: வாளி முழுக்க அடிவரை கல்லாக உறைந்துவிட்டால் அதை எறியாதீர்கள், சர்க்கரையும் உள்ளேயே மாட்டியிருக்கும். இளக விடுங்கள்.

சாறு மங்கலாக, மஞ்சளாக, கொழகொழப்பாக இருக்கிறது

நல்ல சாறு தண்ணீரைப் போலத் தெளிவாக இருக்கும். மங்கினால் பாக்டீரியா பெருகியிருக்கிறது. ஊரில் பதநீர் இறக்குகிறவர்கள் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவது அது புளித்துக் கள்ளாகாமல் இருக்க. இங்கே அந்த வேலையைக் குளிர் செய்கிறது, குளிர் போனால் காவலும் போயிற்று. 4 டிகிரிக்குக் கீழே, நிழலில், பனிக்குள் புதைத்து வையுங்கள், சீக்கிரம் காய்ச்சிவிடுங்கள், ஒரு வாரத்துக்கு மேல் வைக்காதீர்கள். லேசான மங்கல் என்றால் காய்ச்சலாம், பாகு கொஞ்சம் கறுப்பாக வரும், குடி ஒன்றும் முழுகிவிடாது. புளித்த வாசனை வந்தாலோ, கரண்டியில் எடுத்தால் நூலாக இழுத்தாலோ கொட்டிவிடுங்கள். அந்தச் சாற்றைக் காய்ச்சினால் பாகும் சளி மாதிரி இழுக்கும், வடிகட்டவும் முடியாது.

கொதிக்கும்போது பொங்கி வழிகிறது

விரல் நுனி அளவு வெண்ணெய் அல்லது ஒரு சொட்டு கிரீம். நுரை அப்படியே அடங்கும். நெய்யும் வேலை செய்யும். முன்பெல்லாம் பாத்திரத்துக்கு மேலே உப்புக்கண்டப் பன்றிக்கொழுப்பைக் கயிற்றில் தொங்கவிடுவார்கள், நுரை எழும்பி அதைத் தொட்டதும் இறங்கிவிடும். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கொடுப்பதாக இருந்தால் வெண்ணெய்க்குப் பதில் சமையல் எண்ணெய் ஒரு சொட்டு.

வீட்டுக்குள் காய்ச்சினேன், சமையலறைச் சுவரில் தண்ணீர் வழிகிறது

40 லிட்டரில் 39 லிட்டர் ஆவியாகி எங்கே போகும்? வெளியே போய்க் காய்ச்சுங்கள். கடைசி ஒரு மணி நேரத்தை மட்டும் உள்ளே கொண்டுவரலாம்.

மணிக்கணக்காகக் கொதிக்கிறது, பாகாகவே ஆகவில்லை

பாத்திரம் உயரமா, அகலமா? சாம்பார் வைக்கும் பெரிய அண்டாவில் காய்ச்சினால் விடிய விடிய ஆகும். ஆவி போவது மேல்பரப்பில்தான். ஆழம் குறைந்த, அகலமான ஸ்டீல் தட்டுப் பாத்திரமாகப் பாருங்கள்.

பாத்திரம் சரிதான், ஆனாலும் தெர்மாமீட்டர் 100லேயே நிற்கிறது என்கிறவர்களுக்கு: அப்படித்தான் நிற்கும். தண்ணீர் பெருமளவு இருக்கும்வரை கொதிநிலை ஏறவே ஏறாது. சாறு பத்தில் ஒரு பங்காகச் சுண்டிய பிறகும் ஏறத்தாழ அரை டிகிரிதான் ஏறியிருக்கும். அதற்கப்புறம் ஒரேயடியாக ஓட்டம் பிடிக்கும். 102லிருந்து 104க்குப் போவதற்குள் நீங்கள் போய் ஒரு போன் பேசிவிட்டு வந்தால் பாகு 108ல் நிற்கும். எல்லோரும் கோட்டைவிடுகிற இடம் இதுதான், இந்தக் கட்டத்தில் கைபேசியை எங்கேயாவது வைத்துவிட்டு அடுப்பு முன்னால் நில்லுங்கள், தீயையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

பதம் என்பது தண்ணீர் கொதிக்கும் நிலையைவிட 4 டிகிரி கூட. 104 என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள், ஆனால் உங்கள் இடத்தில் இன்றைக்குத் தண்ணீர் எத்தனையில் கொதிக்கிறது என்பதை வைத்துத்தான் அந்த 4ஐக் கூட்ட வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஏறத்தாழ 1 டிகிரி குறையும், புயல் வருகிற நாளில் காற்றழுத்தம் இறங்கினாலும் குறையும். ஆகவே காய்ச்சுகிற அன்றைக்கே ஒரு சின்னப் பாத்திரத்தில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து அளந்துகொள்ளுங்கள். அது 99.2 காட்டினால் உங்கள் பதம் 103.2. தெர்மாமீட்டர் கொஞ்சம் பொய் சொல்கிறதாக இருந்தாலும் இந்த முறையில் அந்தப் பொய் அடிபட்டுப் போகும்.

பாகில் மிதக்கவிட்டு அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இருந்தால் இன்னும் நிச்சயம். கனடாவில் விற்கும் பாகு 66 பிரிக்ஸுக்குக் குறையக் கூடாது, அதாவது எடையில் 66 சதவீதம் சர்க்கரை. ஹைட்ரோமீட்டரில் இரண்டு கோடு இருக்கும், கொதிக்கக் கொதிக்க ஊற்றிய பாகுக்கு ஒன்று, ஆறிய பாகுக்கு ஒன்று. சூடான பாகை ஊற்றிவிட்டு ஆறிய கோட்டுக்கு வரட்டும் என்று காய்ச்சிக்கொண்டே இருந்தால் மிட்டாய்தான் மிஞ்சும். கருவி எதுவும் இல்லையா, தட்டையான கரண்டியை முக்கி எடுத்துச் சாய்த்துப் பிடியுங்கள். சொட்டுச் சொட்டாக விழுந்தால் இன்னும் ஆகவில்லை. இரண்டு சொட்டும் ஒன்று சேர்ந்து கரண்டி விளிம்பில் தகடாகத் தொங்கி, அப்புறம் அறுந்து விழுந்தால் ஆயிற்று. கம்பிப் பதம் பார்த்துப் பழகிய கைக்கு இது ஒரு மணி நேரத்தில் பிடிபடும், ஆனால் அந்தக் கம்பிப் பதம்வரை போகக் கூடாது, மேப்பிள் பாகு அதைவிடத் தளர்வானது.

அடிப்பிடித்துவிட்டது

பாத்திரத்தில் திரவம் 3 சென்டிமீட்டருக்குக் குறைந்ததை யாரும் கவனிக்கவில்லை. கருகிய வாசனை ஏறிய பாகை எதைச் சேர்த்தும் காப்பாற்ற முடியாது. பாத்திரத்தைச் சுரண்டாமல் தண்ணீரும் வினிகரும் ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவிடுங்கள். அடுத்த முறை பெரிய பாத்திரத்தில் முக்கால் பதம்வரை காய்ச்சி, சின்னப் பாத்திரத்துக்கு மாற்றி முடியுங்கள்.

பாட்டிலுக்கு அடியில் மணல்

மணல்தான் என்றே வைத்துக்கொள்ளுங்கள், இங்கே அதற்குச் சர்க்கரை மணல் என்றே பேர். மரம் மண்ணிலிருந்து எடுத்த கால்சியம், சாற்றிலுள்ள மாலிக் அமிலத்தோடு சேர்ந்து, தண்ணீர் சுண்டச் சுண்டக் கரைந்திருக்க இடமில்லாமல் வெளியே வருகிறது. உடம்புக்குக் கெடுதல் இல்லை. ஆனால் நாக்கில் நறநறவென்று இருக்கும், பாகும் கலங்கித் தெரியும்.

டீ வடிகட்டியில் இது நிற்காது. ஃபெல்ட் என்ற தடித்த துணியில் செய்த கூம்பு வடிவ வடிகட்டி வாங்குங்கள். அதை வெந்நீரில் நனைத்து ஒட்டப் பிழிந்து, பதம் வந்த பாகை இறக்கிய உடனே, கொதிக்கக் கொதிக்க ஊற்றுங்கள். ஆறிவிட்டால் வடியவே வடியாது, வடிகட்டியின் நடுவில் குளம் கட்டி நிற்கும். அந்த வடிகட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவாதீர்கள், அடுத்த வருஷப் பாகில் சோப்பு மணக்கும். வடிகட்டியும் இல்லையென்றால் உயரமான கண்ணாடி ஜாடியில் ஓரிரு நாள் அசைக்காமல் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு மேலே தெளிந்ததை மட்டும் இறுத்து எடுக்கலாம்.

வடிகட்டி முடித்துப் பாட்டிலில் ஊற்றிய பிறகும் மறுபடி மணல் வந்தால், ஊற்றுவதற்கு முன் மறுபடி கொதிக்கவிட்டிருப்பீர்கள். 82 முதல் 88 டிகிரிக்குள் ஊற்ற வேண்டும். அதற்குக் குறைந்தால் பூஞ்சணம், மிகவும் ஏறினால் மணல். ஊற்றி மூடியை இறுக்கியதும் பாட்டிலைக் கொஞ்ச நேரம் படுக்கப் போட்டால் மூடியின் உள்பக்கமும் அந்தச் சூட்டில் சுத்தமாகிவிடும்.

அடியில் கற்கண்டு, அல்லது மேலே பூஞ்சணம்

இரண்டும் ஒரே தவறின் இரு பக்கம். 69 பிரிக்ஸைத் தாண்டிக் காய்ச்சினால் சர்க்கரை பிரிந்து கற்கண்டாக அடியில் வளரும், பாட்டிலை வெந்நீரில் வைத்து, ஒரு கரண்டித் தண்ணீர் சேர்த்துக் கரைத்துவிடலாம், அல்லது கற்கண்டைக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடலாம். 66க்குக் குறைந்தால் பாகு நீர்த்திருக்கும், புளிக்கும், பூஞ்சணம் பிடிக்கும். முன்பெல்லாம் பூஞ்சணத்தை வழித்தெடுத்துவிட்டுக் கொதிக்கவைத்துச் சாப்பிட்டார்கள், நான் கொட்டிவிடச் சொல்வேன். பதம் சரியாக இருந்தாலும் திறந்த பாட்டிலுக்கு இடம் குளிர்பெட்டிதான். பிளாஸ்டிக்கைவிடக் கண்ணாடி நல்லது, பிளாஸ்டிக் வழியாகக் காற்று நுழைந்து நாளாக ஆகப் பாகு கறுக்கும்.

போன வாரம் பொன்னிறம், இந்த வாரம் கறுப்பு

இது கோளாறே அல்ல. சுகர் மேப்பிள் சாற்றிலுள்ள சர்க்கரை ஏறக்குறைய முழுக்க சுக்ரோஸ். நாள் வெதுவெதுப்பாக ஆக ஆக நுண்ணுயிர்கள் அதைக் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைக்கின்றன, அவை அடுப்பில் சீக்கிரம் சிவக்கும். கடையில் கோல்டன், ஆம்பர், டார்க், வெரி டார்க் என்று நாலு வகையாகப் பிரித்திருப்பதும் நிறத்தை வைத்துத்தான், நாலுமே கிரேட் ஏ. பான்கேக்குக்குக் கோல்டன் என்பார்கள். எனக்குக் கேட்டால் பாயசத்துக்கும் கேசரிக்கும் டார்க்தான், கோல்டன் எல்லாம் பாலில் காணாமல் போய்விடும்.

பாகில் ஏதோ கெட்ட வாசனை, வெந்த முட்டைக்கோஸ் மாதிரி

மொட்டு உப்பிவிட்டது. மரம் இலை விடத் தயாராகும்போது சாற்றின் அமினோ அமிலங்கள் மாறும், காய்ச்சினால் இந்த வாசனை வரும், எந்த வடிகட்டியாலும் போகாது. சாறாகக் குடிக்கும்போது தெரியவும் தெரியாது, ஒரு கரண்டிச் சாற்றை அடுப்பில் சுண்டவைத்து முகர்ந்தால்தான் தெரியும். அன்றைக்கே குழாயைக் கழற்றிவிடுங்கள். ரெட் மேப்பிளும் சில்வர் மேப்பிளும் சுகர் மேப்பிளுக்கு முன்பே மொட்டு விடும், கலந்து சேகரிக்கிறவர்கள் அவற்றை முதலில் நிறுத்த வேண்டும்.

பனியில் ஊற்றினால் மிட்டாய் ஆகாமல் கரைந்து போகிறது

கியூபெக்கின் சர்க்கரைக் குடில்களில் பனி மேல் பாகை ஊற்றிக் குச்சியில் சுருட்டித் தருவார்களே, அதற்கு 104 டிகிரிப் பாகு போதாது. 112, 113வரை காய்ச்ச வேண்டும், பனியைக் கையால் அழுத்திக் கெட்டியாக்கி அதன் மேல் கம்பியாக ஊற்ற வேண்டும். பனிக்குள் இறங்கி மறைந்தால் சூடு போதவில்லை. கண்ணாடியாக உடைந்தால் கூடிவிட்டது.

சர்க்கரையாகக் கிண்ட முயன்று எவ்வளவு கிளறினாலும் பசையாகவே இருக்கிறது என்றால் சீசன் கடைசிக் கறுப்புப் பாகை எடுத்திருப்பீர்கள். மேலே சொன்ன குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கட்டியாவதைத் தடுக்கும். முதல் வாரத்துப் பொன்னிறப் பாகில் செய்து பாருங்கள்.

கடையில் வாங்கிய மேப்பிள் சிரப்பில் வெந்தய வாசனை

லேபிளைத் திருப்பிப் பாருங்கள். கார்ன் சிரப்பும் வாசனைப் பொருளும் போட்டிருந்தால் அது மேப்பிள் மரத்தைக் கண்ணால் பார்க்காதது. வெந்தயத்தில் இருக்கும் சோடோலோன் என்ற பொருளுக்கு மேப்பிள் பாகின் வாசனை, அதனால் செயற்கை மேப்பிள் எசன்ஸில் வெந்தயச் சாரம் சேர்ப்பது சகஜம். 2005லிருந்து நியூயார்க் நகரத்தில் அவ்வப்போது காற்றில் மேப்பிள் சிரப் மணந்து, ஜனங்கள் பயந்து போன் மேல் போன் போட்டார்கள். 2009ல் கண்டுபிடித்துச் சொன்னார்கள்: ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூ ஜெர்சியில் ஓர் ஆலை வெந்தயத்தைப் பதப்படுத்திக்கொண்டிருந்தது. நம் வீட்டு ஆள் ஒருவரைக் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார்.

சர்க்கரை வியாதிக்கு இது நல்லதாமே என்று கேட்கிறவர்களுக்கு: மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை. அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மரத்துக்கே ஏதோ ஆகிவிட்டது

துளை மூடவில்லையே என்று மெழுகு, சிமென்ட், குச்சி எதையும் வைத்து அடைக்க வேண்டாம். குழாயைக் கழற்றிவிட்டால் திடமான மரம் தானே ஓரிரண்டு வருஷத்தில் மூடிக்கொள்ளும். மூடவில்லையென்றால் மரம் பலவீனமாக இருக்கிறது, அதற்கு ஓய்வு கொடுங்கள். துளைக்கு மேலும் கீழும் கட்டை நீளவாக்கில் கறுத்துச் செத்திருக்கும் என்பதால் அடுத்த வருஷத் துளையைப் பக்கவாட்டில் 15, மேலே கீழே 60 சென்டிமீட்டர் தள்ளிப் போட வேண்டும். 25 சென்டிமீட்டருக்குக் குறைந்த விட்டமுள்ள மரத்தைத் தொடாதீர்கள், அந்தப் பருமன் வர 40 வருஷம்கூட ஆகும். 45ஐத் தாண்டினால் இரண்டு துளை, அதற்கு மேல் பேராசை.

ஜூலை, ஆகஸ்டில் இலை ஓரம் மட்டும் கருகினால் வறட்சி, அல்லது குளிர்காலத்தில் சாலையில் கொட்டிய உப்பு. சுகர் மேப்பிளுக்கு உப்பு ஆகவே ஆகாது. வறண்ட வாரங்களில் மெதுவாக, ஆழமாக ஊறும்படி தண்ணீர் விடுங்கள், உங்கள் வாசலில் உப்புக்குப் பதில் மணல் தூவுங்கள். ஒரு கிளை மட்டும் ஆகஸ்டிலேயே சிவந்தால் படம் எடுத்துப் போடுவதற்கு முன் அடிமரத்தைப் பாருங்கள். தரையோடு சேரும் இடம் அகன்று விரியாமல் ஒரு பக்கம் மட்டும் தூண் மாதிரி நேராக இறங்கினால், மண்ணுக்குள் ஒரு வேர் மரத்தின் கழுத்தைச் சுற்றி நெரித்துக்கொண்டிருக்கலாம், மர வைத்தியம் தெரிந்த ஆளைக் கூப்பிட வேண்டிய நேரம் அது. இலையில் தார் தெறித்தது போன்ற கறுப்புப் பொட்டு பார்க்கத்தான் பயங்கரம், மரத்துக்கு ஒன்றும் ஆகாது, உதிர்ந்த இலையைக் கூட்டி அள்ளிவிட்டால் போதும்.

பட்டையில் வரிசை வரிசையாகச் சின்னத் துளைகள் இருந்தால் சாறு குடிக்கும் மரங்கொத்தி. பென்சில் நுழையும் அளவுக்கு ஒரே வட்டமான துளை அங்கங்கே இருந்தால் விஷயம் வேறு, அது ஆசிய நீளக்கொம்பு வண்டாக இருக்கலாம். டொராண்டோவும் வான் (Vaughan) நகரமும் சேரும் எல்லையில் 2003ல் வந்தது, 2013ல் ஒழிந்ததாக அறிவித்தார்கள், அதே வருஷம் மிஸ்ஸிசாகாவில் மறுபடி தலைகாட்டி, 2020ல்தான் அங்கேயும் ஒழிந்தது. பார்த்தால் படம் எடுத்துக் கனடிய உணவு ஆய்வு முகமைக்குச் சொல்லுங்கள், விறகை வேறு ஊருக்கு எடுத்துப் போகாதீர்கள்.

மேப்பிள் வெட்டுப்பலகை வளைந்துவிட்டது

கட்டை நல்ல கட்டைதான். அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்துப் போட்டித் தளங்கள் எல்லாமே இந்த மரம், ரெட் ஓக் பலகை போட்ட பாஸ்டன் செல்டிக்ஸ் அணியைத் தவிர. கடினம், நெருக்கமான நுண்துளை, காய்கறிச் சாறு எளிதில் ஊறாது. ஆனால் ஈரத்தில் கிடந்தால் அழுகும், வெளியே போடும் பெஞ்சுக்கு ஆகாது. பலகை வளைவது ஒரு பக்கம் மட்டும் நனைந்து காய்வதால். இரண்டு பக்கமும் கழுவி, படுக்கப் போடாமல் நிறுத்திக் காயவையுங்கள், பாத்திரம் கழுவும் மெஷினில் போடவே கூடாது. ஏற்கெனவே வளைந்திருந்தால் குழிந்த பக்கத்தைக் கீழே பார்க்க ஈரத்துணி மேல் ஒரு ராத்திரி வையுங்கள், பெரும்பாலும் நிமிர்ந்துவிடும். காய்ந்த பிறகு உணவுத் தர மினரல் ஆயில் தடவுங்கள். நல்லெண்ணெய் வேண்டாம், ஒரு மாதத்தில் சிக்கு வாடை அடிக்கும்.